தவக்காலத்தில் என் வீட்டுக்காரர் விட்டவை

தவக்காலம் வந்தால் கிறிஸ்தவர்கள் பிடித்த எதையாவது விட வேண்டும். சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிவிட்டு, ஈஸ்டர் வரைக்கும் ஒரு தியாகம் செய்யுங்கள் என்று சாமியார் சொல்வார். கல்யாணமான முதல் வருடம் என் வீட்டுக்காரர் கறியை விட்டார். விட்டதைத் தல்லாகுளம் முழுக்கச் சொன்னார். அப்புறம் மாட்டுத்தாவணிப் பக்கம் போய் வஞ்சிரம் வாங்கி வந்து, "கறியத்தான விட்டேன், மீனு அதுல சேராதுல்ல" என்று என் முன்னால் வைத்தார். அடுத்த வாரம் இறால், அதற்கடுத்து நண்டு. கறி தின்ற நாளில்கூட எனக்கு அவ்வளவு கழுவும் வேலை இருந்ததில்லை.

வெள்ளிக்கிழமை ஒருசந்தி, அதாவது ஒரு வேளைதான் சாப்பாடு. அந்த ஒரு வேளையை அவர் சாப்பிட்டு எழுந்திருப்பதற்குள் நான் கோயிலுக்குப் போய்ப் பதினாலு இடத்தில் நின்று ஜெபிக்கிற சிலுவைப்பாதையையே முடித்துவிட்டு வந்துவிடலாம்.

வருடம் போகப் போக பக்தி வளர்ந்தது. ஒரு தவக்காலத்தில் தாடி வளர்த்தார். சவரம் செய்ய அவருக்கு எப்போதுமே சோம்பல். இன்னொன்றில் டி.வி.யை விட்டுவிட்டு அதே சீரியலைப் போனில் பார்த்தார். பிறகு எங்கோ தியானத்துக்குப் போய்விட்டு வந்து, வயிற்றை அல்ல மனதைத்தான் அடக்க வேண்டும் என்று கண்டுபிடித்துக் கோபத்தை விட்டார். அந்த வருடம் வீடே நரகமாயிற்று. அவருக்குக் கோபம் வராமல் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கும் மகளுக்கும் வந்து சேர்ந்தது. காபி கொஞ்சம் ஆறியிருந்தால், "என் தவத்தக் கெடுக்கணும்னே பண்றீக" என்று பல்லைக் கடிப்பார்.

அதற்கடுத்து புகழை விட்டார். தெருக்காரர்கள் வீடு வீடாகக் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் எழுந்து நின்று, இனி யாரும் தன்னைப் பாராட்டக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். எல்லாரும் கைதட்டினார்கள். குனிந்து கும்பிட்டு அதை வாங்கிக்கொண்டார்.

அவர் விடாத ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் தட்டில் சுடச்சுடச் சோறு விழ வேண்டும். அவர் முன்வரிசையில் ஃபேனுக்கு அடியில் இருப்பார். நான் கடைசி வரிசையில், வாசலை ஒட்டி. நற்கருணை அப்பத்தை வாங்கியதும் நழுவி, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடுவேன். என்னைப் போல ஏழெட்டுப் பெண்கள். பூசையின் கடைசியில் சாமியார் கையுயர்த்தித் தருகிற இறுதி ஆசீரைக் கல்யாணத்துக்குப் பிறகு நான் வாங்கியதே இல்லை. நான் பெரிய பக்தை ஒன்றும் இல்லை. ஆனால் யார் வீட்டுக்குப் போனாலும் போயிட்டு வாரேன் என்று சொல்லாமல் கிளம்ப மாட்டோம். சாமி வீட்டிலிருந்து மட்டும் வாராவாரம் சொல்லாமல் கிளம்பினேன். அது மனதை அறுத்துக்கொண்டே இருந்தது.

ஒரு ஞாயிறு சாமியார் பிரசங்கத்தில் பொரிந்து தள்ளினார். இறுதி இராவுணவில் பாதியில் எழுந்து போனவன் இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசு, பூசையில் பாதியில் போகிறவர்கள் அவனுக்குச் சொந்தக்காரர்கள் என்றார். முன்வரிசையில் ஒரு தலை விடாமல் ஆடியது. வீட்டுக்கு வந்ததும், "கேட்டியா, சாமியாரு நல்லா வச்சாரு" என்றார், யூதாசு வடித்த சோற்றைப் பிசைந்துகொண்டே.

அப்புறம் அவருக்கு முட்டி வலி வந்தது. அடிக்கடி மண்டியிட முடியாததால் வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அன்றைக்குத்தான் நான் வெளியே போவதை முதன்முதலாகப் பார்த்தார்.

"எங்க போற?"

"சோறு வைக்க. வானத்துலருந்து சம்மனசு எறங்கி வந்தா குக்கர் வைக்கும்?"

அன்றும் சுடச்சுடத்தான் தின்றார். ஆனால் மறுசோறு கேட்காமல் எழுந்தார். சில மாதம் கழித்து, ஆறின சோறே போதும் என்று ஒரு நாள் சொன்னார். மறுவாரம் ஆறின சோற்றைக் கண்டதும் முகம் சுருங்கியது. நான் பழையபடி ஓடினேன்.

இந்த வருடம் சாம்பல் புதன் வந்தது. அவர் எதையும் விடவில்லை. காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுக்கூடப் பார்த்தேன். ஞாயிறு விடிகாலைப் பூசைக்குத் தனியாகப் போய்விட்டு வந்தார். அடுத்த பூசைக்குப் போன நான் வழக்கம்போலப் பாதியில் ஓடிவந்தால், மனிதர் அடுப்படியில் நிற்கிறார். சோறு பசை மாதிரி குழைந்திருந்தது. புது நாடகம் என்று நினைத்தேன். அன்பியக் கூட்டத்தில் சொல்லிக் கைதட்டு வாங்குவார் என்று காத்திருந்தேன். கூட்டம் முடியும்வரை சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வாரமும் சமைத்தார், ஒவ்வொரு வாரமும் நான் நம்பாமல் ஓடிவந்தேன்.

ஈஸ்டரும் முடிந்தது. தவக்காலம் முடிந்தால் விட்டதையெல்லாம் பிடித்துக்கொள்வது எங்கள் ஊர் வழக்கம். அடுத்த ஞாயிறு கறிக்கடையில் நிற்க இடமில்லை. இனி அடுப்பு என்னுடையது என்று ஓடிவந்தேன். அவர் கண்ணில் நீர் வழிய வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"பூச முடிஞ்சிருச்சா?"

"இல்ல."

"பெறகு எதுக்கு வந்த? யாருக்காக இம்புட்டு வெங்காயத்த உரிக்கிறேன்?"

கத்தினார். கோபத்தை எப்போதோ திரும்ப எடுத்துக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த ஞாயிறு நற்கருணை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். பக்கத்துப் பெண்கள் எழுந்து போனார்கள். ஒருத்தி, வரலையா என்று கண்ணால் கேட்டாள். சாமியார் கையை உயர்த்தினார், தலையைத் தாழ்த்தினேன். போய் வாருங்கள் என்று அனுப்பிவைத்தார். அழுகை வந்தது. எனக்கே எரிச்சலாக இருந்தது.

வீட்டுக்கு வந்தேன். அரைவேக்காட்டுக் கறி. எவ்வளவு மென்றும் வாயிலேயே நின்றது. அவர் கரண்டியோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"வெந்திருக்கா?"

"வெந்திருக்கு" என்றேன்.

ஆசீர் வாங்கி வந்து அரை மணிகூட ஆகவில்லை, பொய் சொல்லியாயிற்று.