அவளுக்கு வாசிக்கத் தெரியும்

வகுப்பு டீச்சர் கத்தரிக்கோலை எடுத்ததும் எனக்குப் பகீரென்றது. மேசைமேல் இருந்தது ஒரே ஒரு தாள். அதில் நான் பெரிதாக எழுதியிருந்த தமிழ் வாக்கியங்கள். அவற்றை வாசித்து முடித்துவிட்டு அந்தப் பிள்ளை தலைகுனிந்து நின்றாள். வாசலோரம் அவள் அம்மா, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

தென்காசிப் பக்கத்திலிருந்து எல்லை தாண்டிப் பிழைக்க வந்தவள் அந்த அம்மா. கரமனையில் எங்கள் தெருமுனையில் தள்ளுவண்டி போட்டுத் துணி தேய்த்துக் கொடுப்பாள். நான் வாரநாளெல்லாம் கழக்கூட்டத்து ஐ.டி. கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவள். சனிக்கிழமை மட்டும் அவர்கள் குடியிருக்கும் காலனிக்குப் போய்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கச் சொல்லிக்கொடுப்பேன். பள்ளியில் எல்லாமே மலையாளம். வீட்டில் தமிழே கேட்டு வளர்ந்த இந்தப் பிள்ளை அங்கே வாயே திறக்கவில்லை. புத்தி போதாது, அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று இருக்கும் பள்ளியில் சேர்த்துவிடுங்கள் என்று டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அம்மாவின் வண்டியடியில் உட்கார்ந்துவிட்டால் பிள்ளையின் வாய் ஓயாது என்பது தெருவுக்கே தெரியும்.

பாடப்புத்தகத்தை மூடிவைத்தேன். அவள் சொன்னதைச் சொன்னபடியே, மலையாளம் கலந்திருந்தாலும் திருத்தாமல் எழுதிக் கொடுத்து, அதையே வாசிக்க வைத்தேன். "அம்மா தேய்ச்ச சட்ட சூடா இருக்கும். மழையத்து அத நான் கெட்டிப் பிடிச்சுக்கிடுவேன்." மழையில் அதைக் கட்டிப்பிடித்துக்கொள்வாளாம். தன் பேச்சே தாளில் இருப்பதைப் பார்த்தவளுக்கு எழுத்தின் மேலிருந்த பயம் மெல்ல விட்டது. சில மாதங்களில் வாசிக்கப் பழகிவிட்டாள். அந்தத் தாளோடுதான் மூவரும் பள்ளிக்குப் போனோம்.

அங்கேதான் சிக்கல். டீச்சருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அம்மாவுக்கு எந்த எழுத்தும் தெரியாது. நான் சொன்னாலோ அது வக்காலத்து. "காணாப்பாடம் அல்லே?" என்றார் டீச்சர், மனப்பாடம்தானே என்று. எரிச்சலாக இருந்தது. ஆனால் அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

முதலில் அவளை ஒவ்வொரு சொல்லாகத் தொட்டு வாசிக்கச் சொன்னார். பிறகு தாளைச் சொல் சொல்லாக வெட்டி, கேட்ட ஒலியை மலையாளத்தில் பின்பக்கம் குறித்துக்கொண்டார். சீட்டுக்கட்டு மாதிரிக் கலைத்துப் போட்டார். "வாயிக்கு மோளே," வாசி மகளே என்றார். பிள்ளை வாய் திறக்கவில்லை. டீச்சர் அவசரப்படுத்தவில்லை, நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார். "சட்ட" என்றாள் மெல்ல. அப்புறம், "சூடா." துண்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கப் பார்க்க டீச்சரின் முகம் மாறிக்கொண்டே வந்தது. கடைசித் துண்டையும் புரட்டிவிட்டு, இவளுக்கு வாசிக்கத் தெரியும், எங்கும் அனுப்ப வேண்டாம், இனி மலையாளத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். தப்பு என்னுடையது என்றும் சொன்னார். அதைச் சொல்லப் பெரிய மனசு வேண்டும். அவர்மீது இருந்த கோபமெல்லாம் அங்கேயே போய்விட்டது.

இப்போது அவள் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். இரண்டு மொழியிலும் கதைப் புத்தகம் வாசிக்கிறாள். ஆனாலும் அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது அன்று பள்ளிக்கு வெளியே நடந்ததுதான். "அப்ப எம்பிள்ளைக்கு ஒரு கொறயும் இல்லல்லா?" என்று அம்மா என்னிடம் கேட்டாள். இல்லை என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வீட்டில் பிள்ளையை 'மண்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். திட்டாகத் தொடங்கியது பெயராகவே ஆகிவிட்டிருந்தது. முன்னால் நடந்துகொண்டிருந்த மகளை, பிறந்தபோது அவளுக்கு வைத்த பெயரைச் சொல்லி அம்மா கூப்பிட்டாள். பிள்ளை திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்ட பிறகுதான், அம்மா தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று அவளுக்குப் புரிந்தது.