மலையிலிருந்து இறங்கும் நேரம்

கம்பம் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருந்தாளுநராக இருந்தேன். சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாதாமாதம் மாத்திரை கொடுப்பது என் வேலை. வாங்க வராதவர்களின் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் 'வரவில்லை' என்று எழுதுவேன். எழுதிவிட்டால் என் பொறுப்பு முடிந்தது என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன்.

தேனியில் நடக்கும் ஆய்வுக் கூட்டத்தில் மாதாமாதம் மாத்திரை வாங்குவோர் பட்டியலில் எங்கள் நிலையம் எப்போதும் கடைசியில்தான் இருக்கும். புதிதாக வந்திருந்த டாக்டரம்மா ஒருமுறை அங்கே நன்றாகத் திட்டு வாங்கிக்கொண்டு திரும்பினார். எங்கள் மேல் எரிந்து விழுவார் என்று காத்திருந்தோம். அவரோ என் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே, "இவங்கள்லாம் ஏன் வரலை?" என்று மட்டும் கேட்டார்.

"எத்தனை சொன்னாலும் வரமாட்டாக டாக்டர். உடம்பு மேல அக்கறையில்லாத சனம்" என்றார் நர்ஸ். நானும் தலையாட்டினேன்.

"அவங்ககிட்டயே கேட்டீங்களா?"

கேட்டதில்லை.

மறுநாள் விடியற்காலையில், கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் நிற்கிற முக்குக்குப் போனேன். தூக்குவாளியோடு பெண்கள் நெருக்கியடித்து ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் 'வரவில்லை' போட்டவர்களில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். நடுவயதுப் பெண் ஒருத்தி என்னை அடையாளம் கண்டு சிரித்தாள்.

"ஏம்மா மூணு மாசமா மாத்திரை வாங்க வரலை?" என்றேன். அதட்டலாகத்தான் வந்தது.

"நீங்க தொறக்கையில நாங்க மலையில இருக்கோம் சார். நாங்க எறங்குறதுக்குள்ள நீங்க பூட்டிட்டுப் போயிர்றீக. ஒரு நா லீவு போட்டா, மறுநா ஜீப்புல எடமில்லங்காக. போன வாரம் காய் எடுக்கையில தலை சுத்தி விழுந்துட்டேன். என்னய என்ன செய்யச் சொல்றீக?"

டிரைவர் ஹாரன் அடித்தார். அவள் ஏறிப் போய்விட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

நடந்ததைச் சொன்னதும் டாக்டரம்மா, வெள்ளிக்கிழமை மட்டும் ஏழு மணிவரை திறந்திருக்கலாமா என்று கேட்டார்.

"எம் பிள்ளைய யாரு பாப்பாக டாக்டர்?" என்றார் நர்ஸ். நியாயமான கேள்வி. அதையும் பேசித் தீர்த்தோம். வெள்ளி மாலை இருப்பவர்கள் சனிக்கிழமை மதியத்துக்கு மேல் வந்தால் போதும். நர்சின் வீட்டுக்காரர் அன்று ஒருநாள் வேலையிலிருந்து சீக்கிரம் வருவதாக ஒப்புக்கொண்டார்.

ஜீப் நிற்கும் முக்குக்கு மறுபடி போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தேன். முதல் வெள்ளி மூன்று பேர்தான் வந்தார்கள். இரண்டாவது வாரம் மழை. ஆறரை மணிவரை யாருமில்லை. பூட்டலாமா என்று நான் சாவியை எடுத்தபோது, மலைப்பாதையில் வண்டி நெரிசல் என்று சொல்லிக்கொண்டு ஒரு ஜீப் நிறையப் பேர் வந்து இறங்கினார்கள். தலை சுற்றி விழுந்தேன் என்ற பெண்ணும் இருந்தாள். ரத்த அழுத்தம் மிக அதிகம். டாக்டரம்மா அவளைப் படுக்கவைத்து, மாத்திரையை மாற்றி எழுதினார். நர்ஸ் தன் பிளாஸ்கில் மிச்சமிருந்த டீயை அவளுக்கு ஊற்றிக் கொடுத்தார்.

"நெசமாவே எங்களுக்காகத்தான் தொறந்து வச்சிருக்கீகளா?" என்று கேட்டாள் அவள்.

உடனே நாங்கள் பட்டியலில் முதலிடத்துக்கு வந்துவிடவில்லை. அதன் பிறகும் வராதவர்கள் இருந்தார்கள். டாக்டரம்மா மாற்றலாகிப் போனார். அடுத்து வந்த டாக்டர், "இது யார் போட்ட உத்தரவு?" என்று கேட்டார். எழுத்தில் உத்தரவு எதுவும் இல்லை. நர்ஸ்தான், "வர்ற வெள்ளிக்கிழமை ஏழு மணி வரைக்கும் இங்கன உக்காந்து பாருங்க சார், பெறகு சொல்லுங்க" என்றார்.

உட்கார்ந்து பார்த்தார். பிறகு அவர் உத்தரவைப் பற்றிக் கேட்கவேயில்லை.