மரியாதை வந்த காலமை

இத்தாலிக்கு, பலேர்மோவுக்கு வந்த நாள் தொட்டு என்னை ஒருத்தரும் மரியாதையாய்க் கூப்பிட்டதில்லை. முந்தி வேலை செய்த வீட்டுக்காரி, அந்த சிஞ்ஞோறா, என்னிலும் பத்து வயசு இளசு. அவ எனக்கு "தூ", நான் அவவுக்கு "லேய்". அவவுக்கு நான் நீ, எனக்கு அவ நீங்கள்! வயித்தெரிச்சலாய்த்தான் இருக்கும். என்ன செய்யிறது, இஞ்சை இருக்கிற பெர்மெசோ விசாவைப் புதுப்பிக்க வேலை வேணுமே.

பிறகுதான் ஒரேத்தோ றோட்டுப் பக்கம் ஒரு வடசீனத்து அம்மாவைப் பாக்கிற வேலை கிடைச்சுது. அவவுக்கு மறதி வருத்தம். மகள் ஸ்டேசனடியிலை உடுப்புக்கடை வைச்சிருக்கிறா. அவையின்ரை பாஷையிலையும் நீ எண்டா நீதான், முதல் கேட்டவுடனை சிரிச்சுப்போட்டன். அம்மாவுக்கு நானும் நீ, மகளும் நீ. மகள் மட்டும் தாயை "நின்" எண்டுவா. எங்கடை நீங்கள்தான் அது. இருந்து இருந்து சமையலறைச் சீனம் எனக்கும் கொஞ்சம் பிடிபட்டிட்டுது.

ஒரு காலமை தேத்தண்ணி கொண்டுபோய்க் குடுக்க, அம்மா எழும்பி நிண்டு ரெண்டு கையாலையும் வாங்கி, "நின்" எண்டு சொல்லி என்னை இருக்கச் சொன்னா. எனக்கு உச்சி குளிர்ந்து போச்சு. மனுசனுக்குப் போன் எடுத்து, "பாத்தியளே, இஞ்சையும் எனக்கு மரியாதை தர ஒரு ஆள் இருக்கு!" எண்டன். அதே சந்தோசத்திலை மகளுக்கும் எடுத்துச் சொன்னன்.

மகள் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டா.

"வீட்டு ஆக்களை அம்மா அப்பிடிச் சொல்லமாட்டா," எண்டா மகள். "அது அறியாத ஆக்களுக்குச் சொல்லுறது." கடையைப் பூட்டிப்போட்டு வாறன் எண்டு வைச்சிட்டா.

ஐயோ, பிறகு எனக்குக் கையும் ஓடேல்லை, காலும் ஓடேல்லை. என்னை மறந்தா மறக்கட்டும், நான் கூலிக்கு வந்தவள். பெத்த பிள்ளையைப் பாத்தும் அப்பிடிச் சொன்னா? மடு மாதாவே, அந்தப் பிள்ளையை மட்டும் நீ எண்டு கூப்பிடப் பண்ணு எண்டு மன்றாடினன். அம்மா ஒண்டும் அறியாமல் பட்டாணி உரிச்சுக்கொண்டு இருந்தா. லிப்ற் சத்தம் கேக்கிற நேரமெல்லாம் நான் வாசலுக்கு ஓடிப்போய்ப் பாத்தன்.

மகள் சப்பாத்தும் கழட்டாமல் ஓடிவந்து, "அம்மா" எண்டா.

அம்மா நிமிந்து பாத்தா. வடிவாய்ப் பாத்தா. பிறகு எழும்பி, கதிரையை இழுத்து விட்டு, "நின்… இருங்கோ," எண்டா.

மகள் அழேல்லை. அந்தக் கதிரையிலை இருந்து, "உங்கடை மகள்தான் என்னை அனுப்பினவ," எண்டு மெதுவாய்ச் சொன்னா. "நீங்கள் சாப்பிட்டாச்சோ எண்டு பாத்துவரச் சொன்னவ."

அம்மாவின்ரை முகம் மலர்ந்திட்டுது.

"அவள் சாப்பிட்டவளோ?" எண்டு கேட்டா. "கடையிலை நிண்டா தின்னவே மறந்திடுவாள்."

மகள் தலையைக் குனிஞ்சுகொண்டு, "இன்னும் இல்லை," எண்டா.