கிளாஸைப் பக்கத்தில் வைத்தால்

கூலாய் டவுனில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஞாயிறு மத்தியானம் எங்கே போகிறாய் என்று யாராவது கேட்டால் "முடி கழுவ" என்பேன். அதில் பாதி உண்மை. போன இடம் முடி திருத்தும் சலூன்தான். வண்டி உதிரிபாகக் கடைக்கு மேலே, குறுகிய படிக்கட்டு ஏறினால் வரும். அதை நடத்திய திருநங்கையை எங்களைவிட மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கடைசி வாடிக்கையாளரை அனுப்பிவிட்டு அக்கா நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளுவார், ஜன்னல் திரையை இழுத்து விடுவார். பின்பக்கம் குண்டானில் தேநீர் கொதிக்கும். டின்பாலும் இஞ்சியும் ஷாம்பு வாசனையோடு கலந்து வரும். அந்தக் கலவை இன்றும் எங்காவது மூக்கில் பட்டால் என் கால் தானாக ஒரு அடி எடுத்து வைக்கும்.

டீ டான்ஸ் என்று அதற்குப் பெயர். அக்கா சிங்கப்பூரில் வேலை செய்த காலத்தில் ஒரு வயதான வாடிக்கையாளரிடம் கேட்ட பெயர் அது. எங்கோ வெளிநாட்டில் நம்மைப் போன்றவர்களுக்கு மதுக்கடைகள் கதவைச் சாத்திய காலத்தில், ஞாயிறு பிற்பகல் தேநீரைச் சாக்கு வைத்துக் கூடி ஆடினார்களாம். "அவங்களுக்கு டீ சாக்கு. நமக்கு ஆட்டம்தான் சாக்கு, டீதான் முக்கியம்," என்பார் அக்கா. எங்களுக்கும் பகல்தான் தோதாக இருந்தது. ராத்திரியில் மாடியில் பாட்டுக் கேட்டால் கேள்வி வரும். மத்தியானத்தில் சலூன் படியேறுகிறவர்களை யார் பார்ப்பார்கள்? விளக்கு வைக்கும் நேரத்துக்குள் எல்லாரும் வீட்டில் நல்ல பிள்ளைகளாக இருக்கலாம்.

அங்கே ஒரு பழக்கம் உண்டு. ஆட வருகிறாயா என்று யாரும் வாயால் கேட்கக் கூடாது. கண்ணாடிக்குக் கீழே நீளமாக ஒரு பலகை. சீப்புகளை ஒதுக்கிவிட்டு அதில்தான் டீ கிளாஸ்களை வைப்போம். ஒருவரோடு ஆட ஆசையென்றால் உன் கிளாஸைக் கொண்டுபோய் அவர் கிளாஸுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். அவர் தன்னுடையதை நகர்த்தாமல் விட்டால் சம்மதம். நகர்த்தினால் இல்லை. கேட்டவருக்கும் வெட்கமில்லை, மறுத்தவருக்கும் சங்கடமில்லை.

ஒரு ஞாயிறு ஒரு பெண் என் கிளாஸுக்குப் பக்கத்தில் தன்னுடையதை வைத்தாள். அப்போது இதெல்லாம் எனக்குத் தெரியாது. என்னுடையதை எடுத்துக் குடித்துவிட்டுப் பாட்டுப்பெட்டி மேல் வைத்துவிட்டேன். அவள் முகம் வாடிவிட்டது. அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏன்டி, பெரிய இன்ஜினியர்! யுனிவர்சிட்டியில இத சொல்லித் தரலயா லா?"

அவள் காஹாங்கில் பிறந்தவள், கேக் கடையில் வேலை செய்கிறவள், சிரித்தால் தோள் குலுங்கும். அடுத்த பாட்டுக்கு நானே என் கிளாஸைத் தூக்கிக்கொண்டு போனேன். அதன் பிறகு எங்கள் கிளாஸ்கள் பிரிந்ததில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். பட்டம் வாங்கியதும் நான்தான் முதல். எனக்கு அதில் பெருமை உண்டு, மறைக்கவில்லை. பாலோவில் இருக்கும் எங்கள் வீட்டின் ஹாலில், சாமி படத்துக்கு அடுத்து, பட்டமளிப்பு அங்கியில் நான் நிற்கும் படம் மாட்டியிருக்கும். எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்கிய அம்மா, வருகிறவர்களை எல்லாம் அதற்கு எதிரே உட்கார வைப்பார்.

ஒரு ஞாயிறு ஆட்டத்துக்கு நடுவே அவள் கேட்டாள். "ஜேபி டவுன்ல நம்ம ரெண்டு பேருக்கும் வீடு பாக்கலாம்னு சொல்ற. உங்கம்மாவுக்கு நான் யாரு?"

"ஃபிரண்டு."

"எவ்ளோ நாளைக்கு? நான் ஃபிரண்டா வந்து அந்த வீட்டுல இருக்க மாட்டேன்."

அந்தப் படத்தை அம்மா சுவரிலிருந்து இறக்கிவிடுவாரோ என்பது ஒன்றுதான் என் மனதில் இருந்தது.

அடுத்த ஞாயிறே அம்மா வந்தார். பக்கத்து வீட்டுக்காரர் கார் கூலாய் வருகிறதென்று, எனக்கு ஊறுகாய் எடுத்துக்கொண்டு தொத்திக்கொண்டார். என் அறைத்தோழி சலூனுக்கு வழி சொல்லிவிட்டாள். படிக்கட்டில் அம்மாவின் இருமல் கேட்டதும் நான் "அம்மா!" என்றேன். பாட்டு நின்றது. கைகோத்து ஆடிக்கொண்டிருந்த இரண்டு ஆண்கள் ஆளுக்கொரு பக்கம் பாய்ந்தார்கள். அதில் வழுக்கைத் தலைக்காரர் அவசரத்தில் முடி உலர்த்தும் தொப்பிக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

அம்மா அவரைத்தான் முதலில் பார்த்தார். "இவருக்கு என்னாத்தம்மா காய வைக்கிறீங்க?"

அடக்க முடியாமல் எல்லாரும் சிரித்துவிட்டோம், அவரும்கூட. அக்கா சமாளித்துக்கொண்டு அம்மாவை உட்கார வைத்து டீ கொடுத்தார். அம்மா ஊதி ஊதிக் குடித்தார். பாதி குடித்து, சூடு தாங்காமல், எழுந்து போய்ப் பலகையில் கிளாஸை வைத்தார். சரியாக அவள் கிளாஸுக்குப் பக்கத்தில்.

"அலமாக்," என்று ஐயோ சொல்வது போல வாயில் கை வைத்தார் அக்கா.

"ஏன், இங்க வைக்கக் கூடாதா?"

அவள் முன்னால் வந்தாள். "வைக்கலாம்மா. ஆனா வச்சா என்கூட ஒரு பாட்டு ஆடணும். இங்க அதான் பழக்கம்."

"நானா? எனக்கு இடுப்பு வலி."

"பாதிப் பாட்டு போதும்மா."

அம்மா ஆடி நான் பார்த்ததே இல்லை. மழை பெய்த தோட்டத்தில் வழுக்காமல் நடக்கிறவர் மாதிரி, ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தார். கொஞ்ச நேரத்தில் தலை நிமிர்ந்தது. அவள் தோளுக்கு மேலே அம்மாவின் கண் அறையைச் சுற்றியது. அந்த இரண்டு ஆண்கள். திரை போட்ட ஜன்னல். பலகையில் ஜோடி ஜோடியாக நின்ற கிளாஸ்கள். பாதிப் பாட்டு முடிந்தும் அம்மா நிறுத்தவில்லை.

முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஒன் கிளாஸ் எங்க?"

கையில்தான் இருந்தது. நான் நடந்துபோய் அதை அவள் கிளாஸுக்கு மறுபக்கம் வைத்தேன். நேராகத்தான் வைத்தேன்.

அம்மா அந்த மூன்று கிளாஸ்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு எங்கள் இரண்டையும் தொடாமல், தன்னுடையதை மட்டும் எடுத்துக்கொண்டு நாற்காலிக்குத் திரும்பினார்.

"டீ ஆறிப் போச்சு, கொஞ்சம் சூடா ஊத்துங்க," என்றார் அக்காவிடம். எங்கள் பக்கம் திரும்பாமலே, "பாட்டப் போடுங்க. நின்னுக்கிட்டே இருந்தா எப்படி?"

கார் வரை நான் கூடப் போனேன். கதவைத் திறந்த பிறகு அம்மா, "அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ அவசரப்படாத," என்றார். அந்தத் தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது ஹால் சுவரைத்தான் முதலில் பார்த்தேன். படம் இருந்தது. அப்பா என்னோடு அதிகம் பேசவில்லை. படம் மட்டும் அப்படியே இருந்தது.

சலூன் இப்போது இல்லை. கட்டடம் கைமாறி, கைப்பேசிக் கடை வந்துவிட்டது. அக்கா ஊர் மாறிப் போனார். போனில் பேசும்போது இன்னும் "இன்ஜினியர்" என்றுதான் கூப்பிடுவார். நாங்கள் ஜேபியில், எட்டாவது மாடியில் இருக்கிறோம். ஞாயிறு மத்தியானம் வெயில் சாய்ந்ததும் அவள் டீ போடுவாள். ஜன்னல் ஓரத்தில் இரண்டு கிளாஸ்.

அம்மா மாதம் ஒருமுறை வருவார். தன் கிளாஸை எடுத்துக்கொண்டு மேசையின் கடைசி மூலைக்குப் போய், எங்களுடையதிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளி வைப்பார்.

"இடுப்பு வலி," என்பார் அவளைப் பார்த்து. "இன்னைக்கு என்னை விட்டுரு."