இட்லி இருக்கும்வரை காலை

சிதம்பரம் பேருந்தில் என் பக்கத்தில் இருந்தவர், நீர்மூழ்கிக் கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். முறுக்கிய மீசை. மடியில் அக்காள் மகளின் நிச்சயதார்த்தப் புடவை. கடலூர் தாண்டியதும் ரயில்வே கேட்டில் வண்டி நின்றுவிட்டது. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் தட்டு மாற்றாவிட்டால் மாப்பிள்ளையின் தாத்தா எழுந்து போய்விடுவாராம்.

அவர் அக்காள் கணவரைக் கைப்பேசியில் அழைத்தார். "மாமா, பந்தியில இட்லிய நிறுத்தாதீங்க. நான் வர்ற வரைக்கும் காலைதான்."

நான் புரியாமல் விழித்தேன்.

"கப்பல் எந்த நாட்டுப் பக்கம் போனாலும் நாங்க கடிகாரத்த மாத்த மாட்டோம் சார். உள்ள வெயிலும் தெரியாது. நான் இட்லி வெச்சா காலை, சோறு வெச்சா மதியம்."

இறங்கும்போது, "மணி பத்து ஐம்பது" என்றேன் தயக்கத்துடன்.

"உங்க வாட்ச்சுலதான? வாங்க, சாப்டலாம்" என்று என்னையும் இழுத்துப்போனார்.

மண்டபத்தில் தாத்தா ஆறாவது இட்லியில் இருந்தார். "வாங்க, நல்ல நேரத்துக்கு வந்துட்டீங்க" என்றார்.

நான் வாட்சைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டுச் சட்னி கேட்டேன்.