மழையில் நிரம்பாத குடம்

இதைச் சொன்னால் "படித்த பெண் பேசுகிற பேச்சா இது" என்பீர்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றும். எலக்ட்ரானிக்ஸ் படித்தவள் நான். பழைய கேசட்டுகளைக் கணினியில் ஏற்றிக் கொடுப்பது என் தொழில். கல்யாண வீடியோவில் வெள்ளை உருவம் தெரிகிறது என்று பதறிக்கொண்டு வருபவர்களிடம், அது பூஞ்சையா, ஈரமா, டேப் தேய்ந்ததா என்று பார்த்துச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். நான்காவதாக ஒரு காரணம் இருக்கும் என்று நினைத்ததே இல்லை. இது இரவில்கூட நடக்கவில்லை, மத்தியானம் சோறு தின்றுவிட்டு உட்கார்ந்திருந்தபோது நடந்தது.

எங்கள் ஊர் நீடாமங்கலம் பக்கம். என் அப்பாவின் அண்ணனை நான் பார்த்ததில்லை, நான் பிறப்பதற்கு முன்பே காணாமல் போனவர். குத்தகை நிலத் தகராறு உச்சத்தில் இருந்த காலம் அது. எங்கள் வீட்டார் நட்ட நெல்லை நிலக்காரர் ஆள்வைத்து அறுக்கப்போகிறார் என்று தெரிந்ததும், சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரரின் வீடியோ கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு பெரியப்பா வயலுக்குப் போனார். சாட்சிக்குப் படம் பிடிக்கலாம் என்று. சாயங்காலம் மதகடியில் கேமரா கிடந்தது. அவர் இல்லை.

கேமராவைத் திருப்பிக் கொடுத்த பெரியம்மா, உள்ளே இருந்த கேசட்டைப் புடவையில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டார். யாருக்கும் காட்டவில்லை. அதில் என்ன இருக்கும் என்று அவருக்கு ஒரு பயம். பார்க்காத வரைக்கும் புருஷன் உயிரோடு இருக்கிறார் இல்லையா.

இன்னொன்றும் செய்தார். வயலுக்குப் போனவர்கள் சேற்றுக்காலோடு வீட்டுக்குள் வரமாட்டார்கள், கொல்லையில் கழுவிவிட்டுத்தான் வருவார்கள். அதற்காகக் கொல்லை வாசலில் ஒரு குடம் தண்ணீரும் சொம்பும் தினமும் வைத்தார். கூரை வீடு போய் அரசாங்கத் தொகுப்பு வீடு வந்த பிறகும் குடம் அதே இடத்தில் இருந்தது.

போராடிக் கிடைத்த அந்த நிலத்துக்குப் பிற்பாடு, குத்தகைப் பதிவில் இருந்த பெரியப்பா பெயரில்தான் பட்டா வந்தது. உழுவது அப்பா. இல்லாத மனிதரின் பெயரில் பட்டா இருந்ததால் அப்பாவுக்குப் பயிர்க்கடனும் கிடையாது, வெள்ள நிவாரணமும் கிடையாது. பெரியப்பா இறந்துவிட்டார் என்று கோர்ட்டில் மனுப் போடப் பெரியம்மா கையெழுத்து வேண்டும்.

"ஒரே ஒரு கையெழுத்துதான் அண்ணி."

"ஒனக்கு அது கையெழுத்து தம்பி. எனக்கு அது தாலி."

அப்பா துண்டை உதறிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். பெரியம்மா பெட்டியைத் திறந்து கேசட்டை என் மடியில் வைத்தார்.

"அவங்க செத்தது இதுல இருந்தா கையெழுத்துப் போடுறேன். இல்லேன்னா ஒங்கப்பன் என் பக்கமே வரக்கூடாது."

ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. என் பழைய கேமராவில் கேசட்டைப் போட்டு, ஒரு வயரை அரசாங்கம் கொடுத்த இலவச டிவிக்கும் இன்னொன்றை என் லேப்டாப்புக்கும் கொடுத்தேன். டேப்பில் இருப்பது மட்டும் பதிவாகும்படி லேப்டாப்பின் மைக்கை அணைத்து வைத்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

படம் வந்தது. வெயிலில் விளைந்த வயல், அரிவாளோடு ஆட்கள். கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: "அறுங்கய்யா, நல்லா அறுங்க! எல்லார் மூஞ்சியும் வுழுதா பாக்குறேன்!"

பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "கொழுப்பு. போகும்போதும் இதே கொழுப்புதான்."

யாரோ ஓடி வந்தார்கள். படம் குலுங்கியது, புல் தெரிந்தது, வானம் தெரிந்தது, அப்புறம் வெறும் நீலத்திரை. சாவும் இல்லை, உயிரும் இல்லை. நிறுத்தலாம் என்று கையை நீட்டினேன்.

"இரு" என்றார் பெரியம்மா.

திரும்பவும் படம் வந்தது. வரப்பு. அதில் மழை பெய்துகொண்டிருந்தது. அறுவடை வெயிலில் எடுத்த கேசட்டில் மழை எப்படி வரும்? வேறு நாளில் எடுத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேமரா இடுப்புயரத்தில் ஆடி ஆடி வந்தது, யாரோ மூச்சுவாங்கினார்கள். தூரத்தில் செல்போன் டவர் தெரிந்தது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் நட்ட டவர். அடுத்து எங்கள் கொல்லை, தொகுப்பு வீட்டின் சிமெண்ட் சுவர், குடம்.

"பெரியம்மா, இது இந்த வீடு" என்றேன்.

துவைக்கிற கல்லின்மேல் கேமராவை வைத்தார்கள். முழங்கால்வரை சேறு அப்பிய இரண்டு கால்கள் வந்து நின்றன. ஒரு கை சொம்பு சொம்பாகத் தண்ணீர் மொண்டு ஊற்றியது. ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார், அவசரமே இல்லை. பிறகு கேமரா எழுந்து வாசலைப் பார்த்துத் திரும்பியது. திறந்த கதவு, உள்ளே டிவி வெளிச்சம், அதன் முன்னால் இரண்டு பெண்களின் முதுகு. ஒன்று என் முதுகு.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று கேட்காதீர்கள், கழுத்து வரவில்லை.

"யாரு அந்தப் புள்ள? தம்பி மவளா?" என்றது குரல். டிவியிலிருந்துதான் வந்தது.

பெரியம்மாவும் திரும்பவில்லை. தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, திரையைப் பார்த்தே சொன்னார். "ஆமாங்க." பிறகு, "உள்ள வாங்க."

படம் வாசல்படியைத் தாண்டவில்லை. டேப் முடிந்து என் கேமரா தானாக நின்றது.

கொல்லைக்கு நான்தான் முதலில் போனேன். மழையில் எல்லாமே ஈரம், காலடி கீலடி ஒன்றும் தேறாது, அதை ஆதாரமாகச் சொல்லவும் மாட்டேன். ஆனால் காலையில் பெரியம்மா நிரப்பி வைத்த குடம், அவ்வளவு மழையில் வாய் திறந்து நின்ற குடம், காலியாக இருந்தது. நான் பார்க்கப் பார்க்க மழைத்துளி அதன் அடியில் டங் டங்கென்று விழுந்தது.

பெரியம்மா பின்னால் வந்து எட்டிப் பார்த்தார். அழவில்லை.

"உசுரோட இருந்தா கூப்புட்டதுக்கு உள்ள வந்திருப்பாங்க. கால மட்டும் கழுவிக்கிட்டாங்கன்னா, வேற எங்கயோ போறாங்க." குடத்தை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். "ஒங்கப்பன கூப்புடு. பேனா எடுத்தாரச் சொல்லு."

பட்டா இப்போது பெரியம்மா பெயரில் இருக்கிறது, அவர் கையெழுத்தில் அப்பாவுக்குப் பயிர்க்கடன் கிடைக்கிறது. அப்பாவுக்கு இந்தக் கதை தெரியாது. அண்ணி எப்படி மனம் மாறினார் என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கேசட்டைப் பிறகு ஓட்டிப் பார்த்தேன். வயல், கூச்சல், வானம், அதற்கப்புறம் கடைசிவரை நீலத்திரை. லேப்டாப்பில் ஏறியதும் அதேதான். டேப் தேய்ந்த கோளாறு, நம் மனப்பிரமை என்று மூடிவைத்திருப்பேன். ஆனால் லேப்டாப் பதிவில் அந்த நீலத்துக்கு நடுவே ஓர் இடத்தில் சத்தம் இருக்கிறது. பெரியப்பாவின் குரல் இல்லை. பெரியம்மாவின் குரல். "ஆமாங்க." பிறகு "உள்ள வாங்க."

மைக்கை அணைத்திருந்தேன் என்றேனே, அதைக்கூட விட்டுவிடுகிறேன். என் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து பெரியம்மா சொன்ன வார்த்தைகள் அவை. பதிவில் மழைதான் காதோரம் பெய்கிறது. அவர் குரல் தூரத்தில், கொல்லையில் நிற்பவருக்குக் கேட்கிற மாதிரி, வீட்டுக்குள்ளிருந்து வருகிறது.