இடது பக்கத்துக் கலர்

எழுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி, பொம்மிடியிலிருந்து தருமபுரிக்கு வந்தேன். அந்தப் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது எங்கள் அறைக்கு மட்டும் கலர் அடிக்கலாம் என்று மாமனார் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அந்த வீட்டில் உப்பு டப்பா எங்கே இருக்க வேண்டும் என்பதுகூட நான் வருவதற்கு முன்பே முடிவாகியிருந்தது. சுவராவது என் சொல்படி இருக்கட்டும் என்று பிடிவாதமாக நின்றேன்.

குறுக்கே வந்தாள் நாத்தனார். என் கணவரின் தங்கை. என்னைவிட ஒரு வயது சின்னவள். வாய் மட்டும் பத்து வயது பெரியது. நான் கேட்டது பச்சை கலந்த நீலம். அவள் கேட்டது நீலம் கலந்த பச்சை. இதில் என்ன வித்தியாசம் என்று கேட்ட என் கணவரை இருவரும் சேர்ந்தே முறைத்தோம்.

வெள்ளையடிக்க வந்தவர் இரண்டு டப்பாவில் சுண்ணாம்பும் கலர் பொடியும் கலந்து, சுவரில் அடுத்தடுத்துக் கையகலம் பூசினார்.

"காயட்டும்ங்க. காலையில பாத்துச் சொல்லுங்க."

ஈரத்தில் ஒன்று மயிலாகவும் மற்றது கிளியாகவும் இருந்தது. காலையில் பார்த்தால் இரண்டும் வெளுத்து, ஏறக்குறைய ஒன்றாகியிருந்தன. இடது பக்கம் மட்டும் கொஞ்சம் அழகு. சண்டை மும்முரத்தில் என்னுடையது எந்தப் பக்கம் என்று நான் கவனித்து வைக்கவில்லை. அதற்காக விட்டுக்கொடுக்க முடியுமா?

"இடது பக்கம் என்னுது" என்றேன்.

"அண்ணி, அது என்னுதுங்க!" என்றாள்.

வெள்ளையடிப்பவரைக் கேட்டோம்.

"யாருதுன்னு எனக்குத் தெரியும்ங்க. சொன்னா அடுத்த பொங்கலுக்கு இந்த வூட்டுல ஒருத்தர் எனக்குக் காப்பி தர மாட்டீங்க" என்று சொல்லிவிட்டு, இடது பக்கத்துக் கலரையே அறை முழுக்க அடித்துவிட்டுப் போனார்.

அதன்பின் யார் வந்து கலரைப் புகழ்ந்தாலும் "நான் சொன்னதுதான்" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொல்வோம். சண்டை சமையலறை வரை தொடரும். அதை நிறுத்தாமலே கீரை ஆய்வோம், ஒருத்திக்கு ஒருத்தி தலை பின்னிவிடுவோம்.

மறு வருஷம் அவளுக்குக் கல்யாணமானது. சேலத்துக்குப் புறப்படும்போது என் காதருகே குனிந்தாள்.

"இடது பக்கம் உங்களுதுதாங்க அண்ணி. என்னுதுல அன்னைக்கே நகத்தால ஒரு கீறல் போட்டு வெச்சிருந்தேன். உங்களுது நல்லா இருந்துச்சா, மனசு கேக்கல."

நான் ஜெயித்துவிட்டேன். பெருமையடித்துக்கொள்ளலாம் என்று சமையலறைக்குப் போனேன். இல்லை என்று சொல்ல அங்கே ஒருத்தரும் இல்லை. அழுகையாக வந்தது.